நெற்பூவுக்கு ஒரு பழைய லென்ஸ்

பாகூர் கடைத்தெருவில் போட்டோ ஸ்டுடியோ நடத்தும் தேவி, கடலூரில் தொழிலை விட்டுவிட்ட ஒருவரிடமிருந்து அந்த மேக்ரோ லென்ஸை வாங்கி வந்தாள். கல்யாண மோதிரம், மருதாணிக் கை, பச்சைக் குழந்தையின் விரல் என்று மிக நெருங்கிப் போய் எடுக்க அப்படி ஒன்று அவளுக்கு வேண்டியிருந்தது. கேமரா கம்பெனியின் சொந்த லென்ஸ் கட்டுப்படியாகாது. இது அந்தக் கேமராவில் பொருந்துவதற்காக வேறொரு கம்பெனி செய்தது. பிலிம் காலத்துச் சரக்கு என்றாலும் கண்ணாடியில் கீறல் இல்லை.

தன் டிஜிட்டல் கேமராவில் மாட்டினாள். முதல் படம் விழுந்தது. அடுத்ததில் கேமரா அப்படியே நின்றுவிட்டது. லென்ஸோடு தொடர்பு இல்லை, தொடர்புப் புள்ளிகளைத் துடைக்கவும் என்றது திரை. லென்ஸின் பின்புறம் இருந்த பித்தளைப் புள்ளிகளை ரப்பரால் தேய்த்தாள், ஸ்பிரிட்டால் துடைத்தாள். ஒன்றும் மாறவில்லை.

அவள் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அமுதம் வந்தாள். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். அமுதம் ஏரிக்குத் தெற்கே நிலம் குத்தகைக்கு எடுத்துப் பொன்னி போட்டிருந்தாள்.

“இது இன்னாடி, பூதக்கண்ணாடியா?”

“அப்படித்தான் வச்சுக்கயேன். எறும்பு மீசைகூடத் தெரியும். வேல செஞ்சா.”

“நெல்லுப் பூ தெரியுமா?”

தேவி நிமிர்ந்து பார்த்தாள்.

“போன வருசம் பாதிக் கதிரு உள்ள அரிசியே இல்லாம கருக்காயாப் போச்சுல்ல. பூக்கற நேரத்துல மழ பெஞ்சிடுச்சுன்னு வெவசாய ஆபீசர் சொன்னாரு. அப்படி இன்னாதான் அதுக்குள்ள நடக்குதுன்னு எனக்குத் தெரியணும். இத்தினி வருசமா நடவு நடறேன், ஒருநாளும் பாத்ததில்ல. இப்பப் பூக்க ஆரம்பிச்சிடுச்சு. ஒரு வாரம் இருக்கும், அவ்ளோதான்.”

அன்று மாலை தேவி கடை வாசலில் உட்கார்ந்து, ஒவ்வொரு அளவாக மாற்றி மாற்றிப் படம் எடுத்துப் பார்த்தாள். லென்ஸுக்குள் ஒளி நுழையும் துவாரம் முழுதாகத் திறந்திருந்தால் கேமரா பேசாமல் படம் எடுத்தது. துவாரத்தைச் சுருக்கச் சொன்னால்தான் நின்றது. புதுச்சேரியில் கேமரா பழுது பார்ப்பவரிடம் போனில் கேட்டாள்.

“லென்ஸுக்குள்ள இருக்கற சிப் பழசுங்க. புது கேமரா சொல்ற கட்டள அதுக்குப் புரியாது. அந்தக் கம்பெனியும் இப்ப மாத்தித் தர்றதில்ல. திறந்தபடியே வச்சு எடுங்க, இல்லன்னா தூக்கிப் போடுங்க.”

மறுநாள் காலை, திறந்தபடியே வைத்து எடுக்கலாம் என்று அமுதத்தோடு வயலுக்குப் போனாள். பனி காய்ந்து வெயில் ஏறிய பிறகு கதிரில் அங்கங்கே உமி பிளந்தது. தேவி சேற்றில் மண்டியிட்டு எடுத்தாள். படத்தில் மஞ்சளாக ஒரு புள்ளி மட்டும் கூர்மையாக இருந்தது. மற்றதெல்லாம் புகை. துவாரம் பெரிதாக இருந்தால், அவ்வளவு நெருக்கத்தில் மயிரிழைக் கனம்தான் தெளிவாக விழும். சுருக்காமல் முழுப் பூவும் கிடைக்காது.

“இதுவே போதும்டி,” என்றாள் அமுதம். ஆனால் அவள் முகம் போதும் என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தவள் பீரோவிலிருந்து தன் முதல் கேமராவை எடுத்தாள். பிலிம் போடுவது. அந்த லென்ஸின் காலத்தைச் சேர்ந்தது. அதன் பேச்சு லென்ஸுக்குப் புரிய வேண்டும் என்று பட்டது. புது பேட்டரி போட்டு, லென்ஸை மாட்டி, துவாரத்தைச் சுருக்கிக் காட்டும் பொத்தானை அழுத்தினாள். லென்ஸுக்குள் துவாரத்தைச் சுற்றியிருந்த தகட்டு இதழ்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக் குவிந்தன. பொத்தானை விடாமலே லென்ஸைக் கழற்றினாள். துவாரம் சுருங்கியபடியே நின்றது.

டிஜிட்டல் கேமராவில் மாட்டியதும் மறுபடி அகலத் திறந்துகொண்டது. புது கேமரா லென்ஸைக் கூப்பிடுகிறது, அதனால்தான். கூப்பிடவே முடியாமல் செய்துவிட்டால்? மீண்டும் பிலிம் கேமராவில் சுருக்கிக் கழற்றி, பித்தளைப் புள்ளிகள்மேல் மெல்லிய செல்லோ டேப்பை ஒட்டினாள். லென்ஸ் இல்லாமலும் படம் எடுக்க அனுமதி என்று மெனுவில் மாற்றினாள். மாட்டி அழுத்தினாள். படம் விழுந்தது. தன்மேல் லென்ஸ் இருப்பதே தெரியாமல் கேமரா அடுத்தடுத்து எடுத்துக்கொண்டே போனது. தேவி தன்னையறியாமல் சிரித்தாள்.

அடுத்த நாள் காற்றே இல்லை. அமுதம் ஒரு கதிரின் காம்பை இரண்டு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டாள். தேவி மூச்சை அடக்கிக் கேமராவை அங்குலம் அங்குலமாக முன்னே நகர்த்தினாள்.

பச்சை உமி இரண்டும் குஞ்சின் அலகுபோல மெதுவாக விலகின. உள்ளிருந்து ஆறு வெள்ளை நூல்கள் எழுந்தன. ஒவ்வொன்றின் நுனியிலும் இளமஞ்சளில் ஒரு பை. கண்ணெதிரே அவை நீண்டு, வெளியே சாய்ந்து, தலைகீழாகத் தொங்கின. அடியில் இரண்டு பக்கமும் நுண்ணிய வெள்ளை இறகுகள் விரிந்திருந்தன. பை ஒன்று ஆடியதும் அதிலிருந்து மாவு தூவியதுபோல இறகின்மேல் விழுந்தது.

திரையில் அமுதம் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். 

“இந்த எறகுமேல விழுந்தாத்தான் அரிசியா?”

“ஆமாடி, ராத்திரி படிச்சுப் பாத்தேன். மழ பெஞ்சா தூளு நனஞ்சு போயிடும். எறகுல சேராது. அப்பறம் உமி மூடிக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது.”

“ஒரு நெல்லுக்கு ஒரு பூவா?”

“ஒரு நெல்லுக்கு ஒண்ணு. ஒரே தடவதான் திறக்கும்.”

அமுதம் தலையைத் தூக்கி வயலைப் பார்த்தாள். பிறகு ஏரிக்கரை வரைக்கும் இருந்த மற்ற வயல்களைப் பார்த்தாள். “அப்ப இங்க இருக்கறது எல்லாமே இப்ப இதத்தான் செய்யுதா?” என்று தனக்குள்ளே சொல்வதுபோலக் கேட்டாள்.

அப்போது முதுகில் மருந்து டேங்கோடு இருசப்பன் வரப்பில் வந்தார். அந்தப் பக்கத்து வயல்களுக்கெல்லாம் அவர்தான் மருந்தடிப்பவர். அமுதம் ஓடிப்போய் மறித்தாள்.

“அண்ணே, இப்ப வேணாம். சாயங்காலம் அடிங்க.”

“ஏம்மா, வரச் சொன்னது நீதான?”

அவள் கேமராவைக் காட்டினாள். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“இது இன்னா, கடலுக்குள்ள இருக்கற பூவா?”

“உங்க காலாண்ட இருக்குதுண்ணே.”

இருசப்பன் குனிந்து பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். டேங்கை முதுகிலிருந்து இறக்கி வரப்பில் வைத்துவிட்டு, செருப்பையும் கழற்றினார்.

“இத்தினி நாளா இது மேலதான் அடிச்சுகினு இருந்தனா?” என்றார்.

மூன்று பேரும் அங்கேயே இருந்தார்கள். வெயில் உச்சிக்கு ஏற ஏற, திறந்த உமிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. வெறுமையான பைகள் மட்டும் வெளியே மாட்டிக்கொண்டு தொங்கின. தேவி அதையும் எடுத்தாள்.

திரும்பும்போது அமுதம் முன்னே நடந்தாள். முந்தானையை இறுக்கிச் செருகி, கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டாள். கதிர்கள் வரப்பின் மேல் சாய்ந்திருந்த இடங்களில் நின்று, ஒருக்களித்து, மேலே படாமல் கடந்தாள். பின்னால் வந்த இரண்டு பேரும் அதேபோல ஒருக்களித்து நடந்தார்கள்.