வெறும் ‘இல்லை’

வெள்ளை கவுனின் இடது தோளில் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு பதிந்திருந்தது. பழுப்புத் தடம். நகம் பட்டதும் துணி பொடிந்தது.

முதலாளியம்மா அதை ஹேங்கரோடு தூக்கிக்கொண்டு லாண்டரியின் பின்னறைக்கு வந்தாள்.

“நாளைக்குக் கல்யாணம். யாரு வேலை இது?”

அங்கே வேலை பார்த்த நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சரி. ஒவ்வொருத்தரா தலையில கை வச்சு சத்தியம் பண்ணுங்க.”

மெஷின் பார்க்கும் பையன், ‘மைக்செட்’, முதலில் பண்ணினான். அவன் ரகசியம் பேசினாலே தெருமுனைக்குக் கேட்கும். முதல் இஸ்திரி மேசைக்காரர் தன் பெண்டாட்டி, பிள்ளைகள் என்று எல்லோரையும் இழுத்தார்.

“மாமியாரையும் சேத்துக்கோங்கண்ணே” என்றான் மைக்செட்.

“அவங்க மேல பண்ணினா யாருடா நம்புவா?”

அடுத்து, இரண்டாம் மேசைக்காரியின் நாத்தனார், அவள் புருஷனின் அக்கா, பண்ணினாள். கடைசியாக இரண்டாம் மேசைக்காரி.

“அது நான் பண்ணலைம்மா.”

“சத்தியமா?”

“பண்ணலைம்மா.”

“அதைத்தான் சத்தியமா சொல்லுங்கறேன்.”

“அப்படிச் சொல்ல மாட்டேன்.”

டயர் கடை மாடியில் வாரம் ஒருமுறை கூடிப் பிரார்த்திக்கும் சிலரோடு அவள் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. அவர்கள் எதன் மேலும் சத்தியம் செய்வதில்லை. கேட்டால் உண்டு, இல்லை என்பார்கள். அதன் மேல் முலாம் பூச மாட்டார்கள். ‘சத்தியமா’ என்ற அந்த ஒரு வார்த்தையை விடுவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. வாய் தவறுகிறதா என்று நாத்தனார் வேறு காவல் இருந்தாள். ஒருநாள் கரப்பான்பூச்சியைப் பார்த்து, “சத்தியமா எலி சைஸ் அண்ணி!” என்று அலறியபோது நாத்தனார் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “போச்சுடி. உன் மதம் போச்சு.” லாண்டரியில் அவளுக்கு ‘ஆமா-இல்லை’ என்று பெயர் வைத்ததும் நாத்தனார்தான்.

“மூணு பேரும் பண்ணிட்டாங்க. நீ மட்டும் நழுவினா நான் என்ன நினைக்கறது?” என்றாள் முதலாளியம்மா.

தான் பண்ணவில்லை என்றால் அந்த மூன்று சத்தியங்களில் ஒன்று பொய். அது அவளுக்குத் தெரிந்தது. சொன்னால் மூன்று முகத்திலும் கரி. சொல்லவில்லை.

“சாமியை இழுக்க வேண்டாம். உன் பிள்ளை மேல பண்ணு.”

“பிள்ளை என்ன என் சொத்தாம்மா, பந்தயம் கட்ட?”

“பாத்தியா வாயை!”

“கறை போச்சான்னு கேப்பீங்க. ஆமா, இல்லைம்பேன். இத்தனை வருஷத்துல ஒருநாளாவது சத்தியம் கேட்டீங்களா? சத்தியம் பண்ணினாத்தான் உண்மைன்னா, அப்போ நான் சொன்னதெல்லாம் என்ன?”

“வியாக்கியானம் வேண்டாம். சத்தியம் பண்ணு. இல்லைன்னா இன்னிக்கே உன் சீட்டு கிழிஞ்சுது.”

நாத்தனார் அவளைத் துணி மூட்டைகளுக்குப் பின்னால் இழுத்துப்போனாள்.

“ஒரு வார்த்தைடி. காத்துல போயிடும்.”

“காத்துல போற வார்த்தைக்கு ஏன் அண்ணி என் வேலையைக் கேக்கறாங்க?”

“உனக்குக் கொழுப்பு.”

“இருக்கட்டும்.”

நாத்தனார் திரும்பி நடந்தாள். முதலாளியம்மாவுக்கு முன்னால் போய்த் தன் தலையில் மறுபடி கை வைத்தாள். “என் மேல சத்தியமாம்மா, இவ பண்ணலை. பண்ணியிருந்தா நாளைக்கு எனக்கு விடியக் கூடாது.”

“அண்ணி, எடுங்க கையை!”

“ஏன் எடுக்கணும்? உன் நம்பிக்கை உன் வாயைக் கட்டுது. என் நம்பிக்கை என் வாயைத் திறக்குது. உன் சாமிகிட்ட வந்து நான் சண்டை போட்டேனா?”

பொய்ச் சத்தியம் ஆளைக் கொல்லும் என்று நிஜமாகவே நம்புகிறவள் நாத்தனார். ஆனாலும் தலையில் வைத்த கையை எடுக்கவில்லை. அந்தக் கை அங்கே போனது அவளுடைய வெறும் ‘இல்லை’யை நம்பி.

“சரி, அது போதும். வேலையைப் பாருங்க” என்றாள் முதலாளியம்மா.

அவள் நகரவில்லை.

“எனக்குப் போதாதும்மா.”

“இன்னும் என்ன?”

“அண்ணி என் வார்த்தையை நம்பித் தலையைக் குடுத்தாங்க. நீங்க அண்ணி தலையை நம்பறீங்க. என்னை நம்பறீங்களா?”

“அட, சத்தியமா நம்பறேன், போதுமா?”

மைக்செட் சிரித்துவிட்டான். அவன் சிரிப்பு அறை முழுக்க அடித்தது.

“சத்தியம் வேண்டாம்மா. நம்பறேன், இல்ல நம்பலை. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க.”

முதலாளியம்மா கவுனை மேசையில் எறிந்தாள். “நம்பலை! கிளம்பு.”

“இது பதில்” என்றாள் அவள். இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். ஏப்ரனை அவிழ்த்து மடித்து வைத்தாள். “நீங்க இருங்க அண்ணி. வீட்டுல ஒருத்தராவது சம்பாதிக்கணும்.”

“நான் எங்கடி வரேன்னு சொன்னேன்? வாடகைக்கு உன் சாமிகிட்ட கேளு.”

“கேக்கத்தான் போறேன். உங்ககிட்டயும் கேப்பேன்.”

“கேப்பே, கேப்பே” என்றாள் நாத்தனார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு மேசை விரிப்பை உதறினாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

வேலை செய்கிறவர்களுக்குப் பின்வாசல். அவள் முன்கடை வழியாக நடந்தாள். கவுன்டரில் ரசீதோடு ஓர் இளைஞன் நின்றான். புதிதாக முடி வெட்டியிருந்தான்.

“எங்க அக்கா கவுன், வெள்ளை. ரெடியாம்மா?”

பின்னால் முதலாளியம்மா ஓடிவரும் செருப்புச் சத்தம் கேட்டது.

அவள் நின்றாள்.

“இல்லை” என்றாள். “தோள்ல தீஞ்சு போச்சு.”