மருந்து எடுக்க வந்தவர்

புருஷனுக்கு மருந்து வைத்துவிட்டாள் என்று ஊரே பேசியது. அதில் பாதி உண்மை என்பதுதான் கெங்கம்மாளின் வயிற்றெரிச்சல். மருந்து கொடுத்தது அவள்தான். ஆனால் ஊர் சொன்னது வேறு மருந்து, புருஷனை முந்தானையில் முடிந்துகொள்ளச் சோற்றில் கலக்கிற வசிய மருந்து. அவள் கொடுத்ததோ விழுப்புரத்து டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்த வெள்ளை மாத்திரை. குடியை விடுவதற்கான மாத்திரை.

அதைக் கேட்டு வாங்கியவனே அவள் புருஷன் வேங்கடேசன்தான். சித்திரை மாதத்தில் ஒருநாள், பட்டப்பகலில் சாராயக் கடையிலிருந்து வந்து சொந்த மல்லாட்டைக் கொல்லையிலேயே விழுந்து கிடந்தான். மாடுகள் பாட்டுக்குக் கடலைச் செடிகளை மேய்ந்து தீர்த்துவிட்டன. தெளிந்ததும் குலுங்கிக் குலுங்கி அழுதான். மறுநாளே திண்டிவனம் போய், விழுப்புரம் பஸ்ஸில் அவளையும் ஏற்றிக்கொண்டு போனான்.

டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். "தினம் காலையில ஒண்ணு. இதைச் சாப்பிட்டுட்டுக் கொஞ்சம் குடிச்சாலும் மூஞ்சி செவந்து, மூச்சு முட்டி, வாந்தி வரும். உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தினாலும் ரெண்டு வாரம் உடம்புல இருக்கும். அந்த பயம்தான் உங்களைக் காப்பாத்தணும்."

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே வேங்கடேசன் அவள் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினான். "அண்ணன்கிட்ட, அம்மாகிட்ட மூச்சு உடாத. மாத்திரை தின்னுதான் குடிய உட்டான்னா என்னை ஆம்பளையான்னு சிரிப்பானுங்க."

சரி என்று தலையாட்டினாள். அதை இன்று நினைத்தாலும் அந்தத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மாத்திரை தொண்டையில் நிற்கிறது என்றான். அவளும் நுணுக்கித் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தாள். வெள்ளைத் தூளை டம்ளரில் கொட்டுவதை மாமியார் அஞ்சம்மாள் இரண்டு தடவை பார்த்திருக்கிறாள். பார்த்தவள் வாயைத் திறந்து என்னவென்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, மனசில் போட்டு வைத்துக்கொண்டாள்.

ஆடி வரைக்கும் அவன் ஒரு சொட்டுத் தொடவில்லை. ஆடியில் பங்காளிகள் எல்லாம் கூடி முனீஸ்வரனுக்குக் கிடா வெட்டிப் படையல் போட்டார்கள். படையலில் சாராயமும் உண்டு. கும்பிட்டு முடிந்ததும் அதை ஆண்கள் பகிர்ந்துகொள்வது வழக்கம். வேங்கடேசன் தயங்கினான். அவனுடைய அண்ணன் சுப்பராயலு கிளாஸை நீட்டினான்.

"சாமிக்கு வச்சது சாராயமாடா? பிரசாதம். குடி, ஒண்ணும் ஆவாது."

வேங்கடேசன் நம்பினான். பெண்கள் பக்கம் நின்றிருந்த கெங்கம்மாளும் பார்த்தாள். சாமிக்குப் படைத்தது கெடுதல் செய்யாது என்று அவளும்தான் ஒரு விநாடி நினைத்தாள். ஐயோ என்று ஓடுவதற்குள் கிளாஸ் காலி. அந்த ஒரு விநாடிக்காக அவளுக்கு அவள் மேலேயே அடங்காத ஆத்திரம்.

கால் மணி நேரத்தில் அவன் முகம் ரத்தமாய்ச் சிவந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். டிராக்டரில் தூக்கிப் போட்டுத் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். என்ன மருந்து சாப்பிட்டார், யார் கொடுத்தது என்று டாக்டர் கேட்டபோது, உயிர் பிழைத்தால் போதும் என்று அவள் மாத்திரைப் பேரைச் சொல்லி, "நான்தாங்க குடுத்தேன்" என்றாள். அவன் பிழைத்தது அதனால்தான். சுப்பராயலு காதில் விழுந்ததோ கடைசி இரண்டு வார்த்தை மட்டும்.

வீட்டுக்கு வந்ததும் அஞ்சம்மாள் தெருவில் வைத்தே அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள். "என் புள்ளைக்கு மருந்து வச்சியாடி?" கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த வேங்கடேசனுக்கு எல்லாம் கேட்டது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். மானஸ்தன்!

ஐந்தாம் நாள் காலையில் சுப்பராயலு ஓர் ஆளைக் கூட்டி வந்தான். வயிற்றில் வைத்த மருந்தை எடுப்பவராம். வாசலில் கூட்டம் கூடியது. அவர் வேங்கடேசனுக்கு ஏதோ தழைச்சாறு கொடுத்தார். வயிற்றில் ஒரு பித்தளைக் குழாயை வைத்து உறிஞ்சினார். பிறகு சாம்பல் தட்டில் கறுப்பாக ஓர் உருண்டையைத் துப்பினார்.

"பாருங்க. இவ்ளோ நாளா உள்ள இருந்துகினு இருந்தது."

"உன் கடவாயில அடக்கிக்கினு வந்ததுய்யா அது!" என்று கெங்கம்மாள் கத்தினாள். யாரும் திரும்பக்கூட இல்லை.

"மொத்தமும் வந்துட்ச்சு. இனிமே எது குடிச்சாலும் ஒண்ணும் ஆவாது" என்றார் அவர்.

சுப்பராயலு உள்ளே போய் பாட்டிலோடு வந்தான். கிளாஸில் ஊற்றித் தம்பி கையில் கொடுத்தான். "குடிச்சிக் காட்டுடா. இவ வச்சது போச்சான்னு ஊருக்குத் தெரியட்டும்."

அவள் சுப்பராயலுவிடம் கெஞ்சினாள். "மாமா, இன்னும் அது உடம்புலதான் கீது. ரெண்டு வாரம் இருக்கும்னு டாக்டரு சொன்னாரு. செத்துப் பூடுவாரு மாமா!"

"வாய மூடு."

கிளாஸைத் தட்டிவிட ஓர் அடி எடுத்து வைத்தாள். நின்றுவிட்டாள். இதையும் அவளே செய்ய வேண்டுமா? மாத்திரை நுணுக்கியது அவள், ஆஸ்பத்திரிக்கு ஓடியது அவள், பழி சுமந்ததும் அவள்.

"சொல்லு. மாத்திரைய யாரு கேட்டு வாங்கனது?" என்று புருஷனைக் கேட்டாள்.

வேங்கடேசன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சொல்ல மாட்ட இல்ல? அப்ப குடி. நான் தடுக்க மாட்டேன்."

அதை அவள் மனசாரத்தான் சொன்னாள். அவன் கிளாஸை வாயருகே கொண்டு போனான். வாடை மூக்கில் ஏறியதும் முனீஸ்வரன் கோயிலில் மூச்சடைத்தது ஞாபகம் வந்திருக்க வேண்டும். கிளாஸைக் கீழே வைத்தான்.

"நான்தாண்ணா டாக்டர்கிட்ட போய்க் கேட்டு வாங்கனேன். சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கனதும் நான்தான்."

மருந்து எடுக்க வந்தவர் குழாயைப் பைக்குள் திணித்துக்கொண்டு நகர்ந்தார். அஞ்சம்மாள், "சரி உடு, எல்லாம் நல்லபடியா முடிஞ்சிது. போய்க் காப்பி வைம்மா" என்றாள். வேங்கடேசன் பெரிய காரியம் செய்துவிட்டவனைப் போலப் பெண்டாட்டியை நிமிர்ந்து பார்த்தான்.

கெங்கம்மாள் உள்ளே போனாள். காப்பி வைக்கவில்லை. மாத்திரை டப்பாவையும் டாக்டர் சீட்டையும் கொண்டு வந்து அவன் மடியில் போட்டாள்.

"டாக்டர்கிட்ட நீயே போ. எப்ப தின்னணும்னு நீயே கேட்டுக்கினு வந்து, உங்கண்ணன் எதிருல நின்னு தின்னு. உங்கம்மா என் மயிரப் புடிச்சி இழுத்தப்ப உனுக்கு வாய் வரல. ஊரே காறித் துப்புனப்ப வரல. கிளாஸு உன் வாய்க்கிட்ட வந்தப்பதான வந்துது?"