காட்டு ராணி லேபிள்

செண்பகத்தோப்பு மலையடிவாரத்துப் பளியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து மாநிலக் கூடைப்பந்து அணிக்குப் போன முதல் ஆள் பானுப்பிரியா. உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம்தான் மேலே. ஸ்ரீவில்லிபுத்தூர் விடுதியில் தங்கிப் படித்தபோது, ஆள் குறைகிறதென்று ஒருநாள் அவளைக் கோர்ட்டில் சும்மா நிற்கச் சொன்னார்கள். சும்மா நிற்க அவளுக்கு வரவில்லை. நெட்டைப் பெண்களின் கைக்கு அடியில் புகுந்து பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினாள்.

கல்லூரி முடித்ததும், சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி நடத்தும் சீனிவாசகம் தன்னுடைய பெண்கள் அணியில் அவளைச் சேர்த்துக்கொண்டார். பகலில் ஆபீஸ் வேலை, சாயங்காலம் பயிற்சி. அணி தோற்றாலும் பிரியாணி வாங்கிக் கொடுக்கிற மனுஷன். மாநில அணிக்காக ஆடி அவள் வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பியபோது, புது வெடிப் பெட்டியின் லேபிளில் அவள் படத்தைப் போடப்போவதாகச் சொன்னார். அவள் வீட்டுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

அச்சகத்தில் மை காயாத தாளைப் பார்த்தாள். முகம் அவளுடையது. கழுத்துக்குக் கீழே இலையாடை, கையில் வில், பின்னால் ஒரு புலி. மேலே ‘காட்டு ராணி’ என்று கொட்டை எழுத்து. நேராகச் சீனிவாசகத்திடம் போனாள்.

“எப்படிம்மா இருக்கு?” என்றார் அவர்.

“மூஞ்சி என்னுதுதான் அண்ணாச்சி. மத்ததெல்லாம் யாருது?”

வடக்கே இப்படிப் படம்தான் ஓடும், பந்தும் பனியனுமாக நின்றால் யாரும் வாங்கமாட்டார்கள் என்று அவர் சிரித்தபடி விளக்கினார். அவள் ஆட்களுக்கும் இது பெருமைதானே என்றார்.

“எங்கம்மா சேலைதான் கட்டுது. நான் ஜெர்சி போட்டு ஆடுதேன், நீங்களே பாத்திருக்கீக. இந்த இலைய எங்கன பாத்தீக?”

அவர் சிரிப்பை நிறுத்தினார். லேபிள் மொத்தமும் அடித்தாயிற்று, சீசன் நெருங்கிவிட்டது, அடுத்த வருஷம் மாற்றிவிடலாம் என்றார்.

“அப்ப நானும் அடுத்த வருஷம் வாரேன் அண்ணாச்சி.”

அன்றோடு வேலையும் போயிற்று. அந்தத் தீபாவளிக்குக் காட்டு ராணி நன்றாகவே விற்றது. ஸ்ரீவில்லிபுத்தூர் கடையில் அவள் அம்மா அந்தப் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்து, கடைக்காரரிடம் ஏச்சு வாங்கினாள். மதுரைப் போட்டியில் கம்பெனி அணி முதல் சுற்றிலேயே தோற்றது. நீ இருந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்று கேப்டன் ரோஷினி போனில் அழுதாள். பானுப்பிரியாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஆனாலும் திரும்பிப் போகவில்லை. பழைய விடுதிக் கோர்ட்டில் தினமும் தனியாகப் பந்தடித்தாள். அப்படி இருக்கும்போதுதான் கேரளாவில் ஓர் அணி அவளைக் கூப்பிட்டது, சரியென்று சொல்லிவிட்டாள்.

கோடையில் சீனிவாசகம் ஆள் விட்டார். போய்ப் பார்த்தாள். புது லேபிளில் ஜெர்சியோடு பந்தைத் தட்டிக்கொண்டு நின்றாள்; கீழே அவள் பெயர்.

“இந்தப் படத்தக் காட்டுனதுல ஆர்டர் பாதியாக் கொறஞ்சு போச்சும்மா. இருந்தாலும் இதத்தான் போடுதேன். நீ வந்துரு.”

கேரளாவுக்கு வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டதைச் சொன்னாள்.

“அங்கன சாப்பாடு ஒத்துக்கிடுமா?” என்றார் அவர்.

பழகிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வந்தாள். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் கண் கலங்கியது.

கோழிக்கோட்டில் முதல் ஆட்டம் முழுக்க அவளை வெளியே உட்கார வைத்திருந்தார்கள். அடுத்த ஆட்டத்தில் ஒருத்திக்குக் கணுக்கால் பிசகவே, வேறு வழியில்லாமல் இறக்கினார்கள். அதற்குப் பிறகு அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை.