கையை விட்டால் நேராகாத விமானம்

கண் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலமே அபின் அடுத்த ரிமோட் விமானத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான்.

"லோ விங் விமானத்துக்குப் போயிரலாம்னு பார்க்கேன், ஜெமி. இந்த டிரெய்னர் ஓட்டினது போதும்."

ஜெமிமா கையிலிருந்த சொட்டு மருந்துப் பாட்டிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அது அவன் கண் எரிச்சலுக்குக் கொடுத்தது. நோய்க்கு மருந்து இல்லை. டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். விழித்திரையில் கோளாறு, பிறவியிலேயே உள்ளது. பார்வை ஓரத்திலிருந்து குறுகிக்கொண்டே வரும். நடுவில் உள்ளது நன்றாகவே தெரியும், குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி. ஆபரேஷன் உண்டா என்று ஜெமிமா கேட்டாள். இல்லை. மாத்திரை? இல்லை. வெளிநாட்டில்? ஆராய்ச்சி நடக்கிறது என்றார். வண்டி ஓட்ட வேண்டாம், இருட்டில் தனியாகப் போக வேண்டாம், வருஷா வருஷம் வந்து காட்டுங்கள். அவ்வளவுதான். வெளியே வந்து ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தார்கள். அப்புறம் அபின் பேசியது இது.

காசிமேடு துறைமுகத்துக்குப் பக்கத்தில், ராயபுரத்தில் அவர்களுக்குக் கடை. விசைப்படகுகளுக்கு வேண்டிய கயிறு, சங்கிலி, மிதவை, பெயின்ட். மேலே வீடு. ஒரு வருஷமாகவே அபின் சங்கிலிக் குவியலில் இடித்துக்கொண்டும், கதவு நிலையில் தோளை மோதிக்கொண்டும் இருந்தான். "எந்த நெனப்புல நடக்கீங்க?" என்று ஜெமிமா எத்தனையோ தடவை சிடுசிடுத்திருக்கிறாள். ஒருமுறை வாடிக்கையாளர் நீட்டிய கையைக் கவனிக்காமல் நின்றான் என்று, அவர் போனதும், பெரிய சண்டையே போட்டாள். அந்தச் சண்டையெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

"இப்ப எதுக்கு அத்தான் புது விமானம்?" என்றாள்.

"இப்பத்தான் ஜெமி."

விமானப் பைத்தியத்தைக் கொண்டுவந்தவன் பகலவன். ரயில்வே வேகன் பட்டறையில் வேலை, வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பில் வீடு. ஒட்டுப் பசை வாங்கக் கடைக்கு வந்தவன், அது எதற்கு என்று அபின் கேட்கப்போய், போனில் வீடியோ காட்டினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அபின் அவனோடு, அவன் விமானம் விடுகிற எண்ணூருக்குப் போனான். அப்புறம் போகாத ஞாயிறு கிடையாது. சர்ச்சில் முதல் ஆராதனை, எண்ணூரில் இரண்டாவது ஆராதனை என்று பகலவன் கிண்டல் செய்வான். ஜெமிமாவும் அவ்வப்போது போவாள். அபினுடையது வெள்ளை ஃபோமில் செய்த, பழகுகிறவர்களுக்கான டிரெய்னர் விமானம், இறக்கை முதுகின் மேல் இருக்கும். சாதுவான பிராணி மாதிரி மெதுவாக வட்டமடிக்கும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அபினின் முகம் கடையில் இருக்கிற முகமாக இருக்காது.

அந்த வாரம் பகலவன் கடைக்கு வந்தான். அபின் போனை மேஜைமேல் வைத்தான். இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்துகொண்டார்கள்.

"மூணு மாடல் கீது மாமு," என்றான் பகலவன். "இது சண்டை விமானம் மாதிரி. பார்க்க ஷோக்கா கீது, ஆனா ஸ்பீடு கொறைச்சா பொத்துனு வுயுந்துடும். வேணாம். இது அந்தரத்துல அப்டியே நிக்கும், வால்ல டான்ஸ் ஆடும். அதுக்கு நம்ம கை பத்தாது. அதுவும் வேணாம். இது பாரு. இறக்கை கீழ கீது, தடியா கீது. மெதுவா போனாலும் தாங்கும். மேல வட்டமா சுத்தி லூப் போடும், அப்டியே உருண்டு ரோல் போடும். மொத மொத இந்த மாதிரி வித்தை பண்ண இதான் கரெக்டு."

"டிரெய்னரைவிடக் கஷ்டமா?" ஜெமிமா கல்லாவிலிருந்து கேட்டாள்.

"கஷ்டம்னு இல்ல சிஸ்டர். டிரெய்னர்ல குழம்பிட்டோம்னு வெச்சுக்கோ, ரிமோட்டு ஸ்டிக்க வுட்டுட்டா போதும். அதுவா நிமிர்ந்து நேரா வந்துடும். இது வராது. சாய்ச்சு வெச்சா சாஞ்சே போவும். தலகீழா வெச்சா தலகீழாவே போய்கினு இருக்கும். நீ சொல்றததான் கேக்கும். அதுக்குனு சொந்த புத்தி கெடையாது."

அபின் சிரித்தான். "அதான் வேணும்."

"இன்னும் ஒரு வருஷம் டிரெய்னர்லயே ஓட்டினா என்ன?" என்றாள் ஜெமிமா.

பகலவன் போனபிறகு, அபின் கயிற்றுச் சுருளை இழுத்துக் கட்டியபடியே சொன்னான்: "ஒரு வருஷம் கழிச்சு எனக்கு எவ்வளவு வானம் மிச்சம் இருக்கும்னு உனக்குத் தெரியுமா?"

அவளுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது.

"டிரெய்னர்ல நான் ஓட்டுதேனா, அதுவா ஓடுதான்னே எனக்குத் தெரியல ஜெமி. ஒரு தடவையாவது நானா ஓட்டிப் பார்க்கணும்."

"பகலவன்கிட்டயாவது சொல்லிருவோம்."

"சொன்னா ரிமோட்டை என் கையில குடுக்க மாட்டான். நீயும் சொல்லிறாத."

கொடுக்காமல் இருப்பதுதானே நல்லது என்று நாக்கு நுனிவரை வந்தது. அவன் கண்கள் நேராக அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அந்தக் குழாய்க்குள் முழுக்க அவள்தான் இருந்தாள்.

தடுக்க முடியாதவள் தன்னால் முடிந்ததைச் செய்தாள். அதே விமானம் இரண்டு அளவில் வந்தது. பெரியதை வாங்கச் சொன்னாள். பெரியது தூரத்திலும் தெரியும். மேல்பக்கம் வெள்ளையாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, அடிப்பக்கம் முழுக்க, படகு மிதவைகளுக்கு ஒட்டுகிற ஒளிரும் ஆரஞ்சு டேப்பை ஒட்டினாள். நடுவில் கறுப்புப் பட்டைகள் போட்டாள். வானத்தில் புரண்டால் எது மேல், எது கீழ் என்று அவனுக்குக் குழப்பம் வரக் கூடாது. டேப்பில் ஒரு சுருக்கம்கூட விழாமல் துணியால் நீவி நீவி ஒட்டினாள். ஒட்டும்போதே இதெல்லாம் எதற்கு உதவும் என்று மனசு கேட்டுக்கொண்டிருந்தது.

"இன்னா சிஸ்டர், மீன்பாடி வண்டிக்குப் பூஜை போட்டு ஜோடிச்ச மாதிரி கீது!" என்றான் பகலவன்.

ஸ்கூட்டரில் அடங்காது என்பதால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் தெரிந்தவருடைய லோடு ஆட்டோவைக் கூட்டி வந்தான். அபின் ஸ்கூட்டர் ஓட்டுவதை விட்டு ஒரு மாதமாயிற்று. பகலவனிடம் முழங்கால் வலி என்று சொல்லி வைத்திருந்தான்.

எண்ணூரில் மூடிக் கிடந்த ஒரு கம்பெனிக்குப் பின்னால் பெரிய பொட்டல். வாட்ச்மேன் பகலவனுக்குப் பழக்கம். பொட்டலின் கடைசியில் இடிந்த மதில், அதற்கப்பால் கழிமுகம். வடக்கே அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். வானம் எப்போதும்போல் சாம்பல் பூசிக் கிடந்தது. வெள்ளையும் சாம்பலும் ஒன்றோடு ஒன்று கலந்துவிடும் என்று அப்போதுதான் ஜெமிமாவுக்கு உறைத்தது. மேல்பக்கத்துக்கும் ஏதாவது ஒட்டியிருக்கலாம்.

முதலில் பகலவன் ஓட்டி, சரிசெய்து பார்த்தான். விமானம் கோடு போட்ட மாதிரி போனது. "சொன்ன பேச்சு கேக்குது மாமு," என்று ரிமோட்டை நீட்டினான். அபின் அதை வாங்கியதும் தோள்கள் இறுகின. பிறகு மெல்லத் தளர்ந்தன.

அவன் நன்றாக ஓட்டினான். அதில் சந்தேகமே இல்லை. விமானம் போகிற இடத்துக்கெல்லாம் தலையை மொத்தமாகத் திருப்பி, அதைக் குழாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு ஓட்டினான். ஒரு லூப் போட்டான். ஆரஞ்சு வயிறு பளிச்சென்று திரும்பியது. பகலவன் விசிலடித்தான். "இப்ப ரோல்," என்றான் அபின். ஜெமிமா விமானத்தைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைத்தான் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கல்யாணத்தன்றுகூட அவள் அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை.

"சூப்பர் மாமு! அப்டியே திருப்பு!" என்று பகலவன் கத்தினான்.

அபினின் தலை சட்டென்று நின்றது. இடது பக்கம் திரும்பியது, வலது பக்கம் திரும்பியது.

"ஜெமி, எங்க?"

"அதோ!" அவள் கையை நீட்டினாள். அவன் அந்தக் கையைப் பார்க்கவில்லை. அவன் பக்கத்திலேயே, தோளுக்கு நேராக நீட்டியிருந்தாள். அவன் பார்வைக்கு அங்கே கையே இல்லை. "எங்க ஜெமி?" என்றான் மறுபடியும்.

"இடப்பக்கம்! புகைபோக்கி பக்கம்! மேல... இல்ல, கீழ வருது!"

சொல்லச் சொல்ல அது இடம் மாறிக்கொண்டிருந்தது. அவள் வாயிலிருந்து வார்த்தை வருவதற்குள் அந்த வார்த்தை பொய்யாகிவிட்டது. பகலவன் குறுக்கே பாய்ந்து, "குடு, குடு!" என்று ரிமோட்டைப் பிடித்தான். எங்கிருந்தோ வந்த கை மேலே பட்டதும் அபின் திடுக்கிட்டு ரிமோட்டை மார்போடு அணைத்துக்கொண்டான். அடுத்த கணம், இரண்டு வருஷப் பழக்கம், ஸ்டிக்குகளிலிருந்து விரலை எடுத்துவிட்டான். எடுத்துவிட்டுக் காத்திருந்தான். அது தானாக நிமிரும் என்று காத்திருந்தான்.

விமானம் சாய்ந்தது சாய்ந்தபடியே சுழன்று இறங்கியது. மதிலைத் தாண்டியது. மோட்டார் இரைச்சல் சட்டென்று அறுந்தது.

மூவரும் ஓடினார்கள். அபின் ஜெமிமாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினான். மதில் இடிந்த இடத்திலிருந்து பார்த்தால், கழிமுகத்தில் முழங்காலளவுத் தண்ணீரில் நாலைந்து பேர் குனிந்து, கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு பெண் நிமிர்ந்து நின்றாள். அவளுக்கு எட்டுகிற தூரத்தில், சேற்றில் மூக்கு புதைந்து கிடந்த விமானத்தின் ஆரஞ்சு இறக்கை ஒன்று நட்டுக்கொண்டு நின்றது. சேறு தெறித்து அவள் முகமெல்லாம் அப்பியிருந்தது.

"யாருடா அது? கண்ணு அவிஞ்சி பூட்ச்சாடா?" என்று அங்கிருந்தே கத்தினாள். "புள்ள குட்டிக்காரி மேல வுட்டுகினு!"

பகலவன் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான். "தப்பாயிடுச்சும்மா!" என்று குரல் கொடுத்துவிட்டுத் திரும்பி, பதற்றத்தில் சிரிக்கப் பார்த்தான். அபினின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னா மாமு ஆச்சு? கண்ணு முன்னாடிதானே போச்சு?"

அபின் மதிலில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"அவருக்குத் தெரியாது பகலவன்," என்றாள் ஜெமிமா. "ஓரத்துல எதுவுமே தெரியாது. இன்னும் போயிக்கிட்டே இருக்கு. ஆஸ்பத்திரியில ஒண்ணும் செய்ய முடியாதுன்னுட்டாங்க."

பகலவன் அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான். காது மடல்கள் சிவந்தன. "அந்தம்மா மண்டையில வுயுந்திருந்தா இன்னா பண்ணியிருப்பே?" என்றான். "எங்கிட்ட சொல்லக்கூடாதா? நான் இன்னா வழிப்போக்கனா?" அதற்குமேல் நிற்காமல் மதிலேறிக் குதித்து, பேன்ட்டோடு தண்ணீரில் இறங்கினான். அந்தப் பெண்ணிடம் போய் வெகுநேரம் பேசினான். அவள் கையை வீசி வீசித் திட்டினாள். கடைசியில் அவளே இறக்கையைச் சேற்றிலிருந்து பிடுங்கி அவன் கையில் கொடுத்தாள்.

திரும்பி வரும்போது திருவொற்றியூர் நெடுகிலும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. பகலவன் முன்னால் டிரைவரோடு உட்கார்ந்திருந்தான், திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் உடைந்த துண்டுகளுக்கு நடுவே அபினும் ஜெமிமாவும்.

"ஜெமி," என்றான் அபின். "அந்த ரோல். பாதி வரைக்கும்தான் நான் பார்த்தேன். அதுக்கப்புறம் போயிருச்சு. முழுசா வந்துச்சா?"

அவள் பார்க்கவில்லை. அந்த நேரம் முழுக்க அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துச்சு."

"நேரா நின்னுச்சா?"

"நேரா நின்னுச்சு அத்தான்."

அவன் தலையசைத்தான். இன்னும் ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. முன்னால் பகலவன் இருந்தான், அவனிடம் கேட்டால் சொல்லியிருப்பான். அவளுக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை.

அதற்கப்புறம் சில ஞாயிறுகள் பகலவன் வரவில்லை, போனும் செய்யவில்லை. ஞாயிறுகளில் அபின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஏற்கெனவே எண்ணிய மிதவைகளையே மறுபடி எண்ணிக்கொண்டிருந்தான். டிரெய்னர் பீரோ மேலேயே கிடந்தது. ஜெமிமா பெருக்கும்போது அதைத் தொடாமல் பெருக்கினாள்.

பிறகு ஒருநாள் வேலை முடிந்து அப்படியே வந்தான் பகலவன். கையில் பை. அதிலிருந்து இரண்டு ரிமோட்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"மாமு, இத பாரு. ரெண்டையும் ஒயர்ல கோத்துட்டா நீ ஓட்டலாம். நான் பக்கத்துலயே நிப்பேன். ஏதாவதுன்னா இந்த சுவிட்ச வுட்டுட்டா கன்ட்ரோல் என் கைக்கு வந்துடும். டிரெய்னர்ல போலாம். பொட்டல்ல யாரும் இல்லாத பக்கமா."

அபின் ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்தான். "நீ எப்ப வேணும்னாலும் பிடுங்கிக்கலாம்?"

"ஆமா. சேஃப்டிக்குதான்."

"அப்ப அது நான் ஓட்டுதது இல்லையே."

"மாமு..."

"கோவமில்ல பகலவன். சும்மா சொன்னேன்."

பகலவன் உதவி கேட்கிற மாதிரி ஜெமிமாவைப் பார்த்தான். அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம். போங்க அத்தான், என்று சொல்லலாம். போக வேண்டாம், என்று சொல்லலாம். அவன் மறுத்தது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி வந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை. இரண்டில் எதைச் சொன்னாலும் அவனிடமிருந்து ஏதோ ஒன்றை எடுத்துக்கொள்வதாகத்தான் ஆகும்.

"டீ குடிச்சிட்டுப் போங்க," என்றாள்.

பகலவன் குடித்துவிட்டுக் கிளம்பினான். போகும்போது ஒரு ரிமோட்டை மட்டும் பைக்குள் போட்டுக்கொண்டான். "ஞாயித்துக்கிழமை காலைல வர்றேன் மாமு. வரலன்னா வரலன்னு சொல்லு, போய்ட்றேன்," என்றான்.

படகுக்காரர் ஒருவர் கயிறு கேட்டு வந்தார். அபின் எழுந்து, மேஜை விளிம்பைத் தொட்டுத் தொட்டு நடந்து, உள்ளே போனான். இன்னொரு ரிமோட் மேஜைமேலேயே இருந்தது. அதை எடுத்து உள்ளே வைப்பதா, அங்கேயே விட்டுவிடுவதா என்று ஜெமிமாவுக்குத் தெரியவில்லை.