குருவிக்குக் கட்டிய சீடிகள்

"எண்ட பிள்ளைட ஆய்வு இஞ்ச கொம்பியூட்டருக்குள்ள இரிக்காம். ஒருக்காக் காட்டுவியா மகள்?"

காரைதீவிலிருந்து வந்த அன்னப்பிள்ளை நூலக மேசையைப் பிடித்தபடி நின்றார். யுத்தம் முடிந்து, சோதனைச்சாவடிகளில் இறங்கி ஏறாமல் பல்கலைக்கழகம் வரை பஸ்ஸில் வரக்கூடிய நாட்கள் அப்போதுதான் தொடங்கியிருந்தன.

"பிள்ளைட பேர் என்னம்மா?" என்று கேட்டாள் ஹிமாயா. மாணவர் ஆய்வேடுகளைக் கணினியில் சேர்த்துப் பாதுகாப்பது அவள் பொறுப்பு.

"யதுசா. ஊரூராக் கிணத்துத் தண்ணியப் போத்தல்ல அடைச்சு, உப்பு எவ்வளவெண்டு எழுதினவள். சுனாமியோட போயிட்டாள். வீடும் போச்சு, படமும் போச்சு. அவள் எழுதினதயாவது ஒருக்காக் கண்ணால பாத்திரலாமெண்டு வந்தன்."

"இரிக்கும்மா. எல்லாத்தயும் நான்தான் ஏத்தினன். இனிக் கடல் வந்தாலும் அழியாது."

யதுசாவின் பெயர் திரையில் வந்தது. ஹிமாயா அதை அழுத்தினாள். 'சீடியை உள்ளே போடவும்' என்று கணினி கேட்டது. வேறொரு பெயரை அழுத்தினாள். அதே கேள்வி. இன்னொன்று. அதே கேள்வி.

"என்ன மகள், வருதா?"

"மிசின்ல ஒரு பிழை அம்மா. வாற கிழமை வாங்களன்."

"ஓம், ஆறுதலாப் பாரு. இவ்வளவு வருசம் பொறுத்தவள் ஒரு கிழமை பொறுக்கமாட்டனா?"

அன்று வீட்டுக்குள் கால் வைத்ததுமே ஹிமாயா கணவனிடம் கேட்டாள்.

"லைப்ரரில இருந்து நான் சாக்குல கொண்டு வந்து தந்த சீடியெல்லாம் எங்க?"

"எங்க இரிக்கும்? வயல்லதான்," என்றான் றிபாத். "வெள்ளாமை பால் பிடிக்கிற நேரம். குருவி வெருட்ட வரம்பு முழுக்கக் கட்டித் தொங்க விட்டிரிக்கன். பட்டதாரிமார்ட சீடியெண்டா குருவிக்கும் ஒரு மரியாததான்கா!"

அவள் சிரிக்கவில்லை.

"அதுகளுக்குள்ள இருந்த ஒண்டும் கொம்பியூட்டர்ல இல்ல."

"நீதானே செல்லின, எல்லாம் ஏத்தியாச்சு, இனித் தேவையில்லயெண்டு?"

"நான்தான் செல்லின. ஆய்வு ஏறல்ல. அது எந்தச் சீடியில இரிக்கெண்டு காட்டுற அடையாளம் மட்டும்தான் ஏறியிரிக்கி. சீடிய உள்ள வச்சிக்கிட்டே திறந்து பாத்தன். திறந்திச்சு. சரியெண்டு நினைச்சிட்டன்."

"எழுதின பிள்ளைகளிட்டத் திரும்பக் கேட்டு வாங்கேலாதா?"

"மத்தவங்க உசிரோட இரிக்காங்க, கேக்கலாம். யதுசாட்ட ஆரு கேக்கிற?"

"கட்டின புத்தகமொண்டு இரிக்குமே?"

"அது திருத்துறதுக்கு அவளப் படிப்பிச்ச சேர்ட வீட்ட இருந்த. அவர்ட வீடு பாண்டிருப்புக் கடலோரம், அதுவும் சுனாமியோட போச்சு."

றிபாத் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தான்.

வயலில் காற்றடித்தது. வரம்போரம் சீடிகள் நூலில் சுழன்று மின்னின. அவற்றுக்குக் கீழேயே குருவிகள் கதிரில் உட்கார்ந்திருந்தன. ஹிமாயா ஒவ்வொன்றாகப் பிடித்துச் சரித்துப் பார்த்தாள். மேலே எழுதியிருந்த பெயர்கள் வெயிலில் வெளிறிப் போயிருந்தன. "இதில்ல... இதுமில்ல..." என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள். வாய்க்கால் மூலையில் தொங்கிய ஒன்றில் 'யதுசா' என்ற எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன.

றிபாத் அதை வாங்கித் தூக்கிப் பிடித்தான். ஒரு பக்கத்தில் வெள்ளிப்பூச்சு உரிந்திருந்தது.

"இதுக்குள்ளால வானம் தெரியுது ஹிமாயா."

"யா அல்லாஹ்!"

"அந்தம்மாட்ட என்ன செல்லப் போறாய்?"

"சீடி பழசாப் போச்செண்டு செல்லலாம்."

"பொய்யில்லத்தான்."

"ஓம். பொய்யில்லத்தான்," என்றாள் அவன் முகத்தைப் பார்க்காமல்.

அந்தச் சீடியை எத்தனை முறை போட்டாலும் கணினி முனகியது, நின்றது, மறுபடி முனகியது. ஆய்வில் ஒரு வரிகூட வரவில்லை. படங்களில் ஒன்றே ஒன்று வந்தது.

அடுத்த கிழமை அன்னப்பிள்ளை முறுக்குப் பொட்டலத்தோடு வந்தார். "எனக்காக மினக்கெட்ட பிள்ளை, தின்னு," என்று மேசையில் வைத்தார். ஹிமாயா திரையை அவர் பக்கம் திருப்பினாள். ஒரு கிணற்றுக்கட்டு. கயிற்றில் கட்டிய போத்தலை உள்ளே இறக்கும் ஒரு கை. முகம் இல்லை.

"சீடி பழசும்மா. இதுதான் வந்திச்சு."

அன்னப்பிள்ளை திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

"அவள்ட கைதான்! இஞ்ச பாரு, மணிக்கட்டில தழும்பு. தயிர்ச்சட்டிய உடைச்சிட்டு, பூனைதான் உடைச்சதெண்டவள். பூனை உடைச்சதெண்டா உண்ட கையில எப்பிடியடி வெட்டினதெண்டு கேட்டன்." சிரித்தார், கண்ணைத் துடைத்தார், ஹிமாயாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ நல்லா இரிக்கோணும் மகள். நீ இல்லாட்டி இதுவும் இல்ல."

பிடித்த கை சூடாக இருந்தது. ஹிமாயாவால் அதைத் தாங்க முடியவில்லை.

"நான் இருந்ததாலதான் மத்தது இல்லாமப் போச்சம்மா."

எல்லாவற்றையும் சொன்னாள். திறந்து பார்த்த விதம், சாக்கு, வயல், போன கிழமை மிசின்மேல் போட்ட பழி. சொல்லச் சொல்ல அன்னப்பிள்ளையின் கை மெல்ல விலகியது.

"வெயில்லயா தொங்கின?"

"ஓம்."

"மழையிலயும்?"

"ஓம் அம்மா."

"குருவியாவது பயந்திச்சா?"

"முதல்ல பயந்திச்சாம். மறுகா பழகிட்டு."

அன்னப்பிள்ளை முறுக்கைத் திருப்பி எடுக்கவுமில்லை, கிட்டத் தள்ளி வைக்கவுமில்லை.

"அந்தக் கைய ஒரு தாள்ல அடிச்சுத் தா. இந்தக் கொம்பியூட்டர்ப் பெட்டிக்குள்ளயும் போடு," என்றார். "மகள்" என்று சொல்லவில்லை. "இந்த முறை சரியாப் போடு."

ஹிமாயா படத்தைப் பிரதியெடுத்தாள். முடிந்ததாகத் திரை சொன்னதும் சீடியை வெளியே எடுத்தாள்.

"ஏன் எடுத்தாய்? போயிரும்!" என்று பதறினார் அன்னப்பிள்ளை.

"எடுத்திட்டுத்தான் பாக்கோணும் அம்மா."

அழுத்தினாள். இரண்டு பேரும் திரையையே பார்த்தார்கள்.

கிணறு வந்தது. கயிறு வந்தது. பிறகு கை.