காற்றைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னவர்

1

இந்தக் கதை கரண்ட் பில்லோடு வந்த ஒரு துண்டுச்சீட்டில் பிறந்தது. மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஒப்புக்கொண்டால், அடுத்த மாதம் முதல் ‘புயல் மீட்புக் கட்டணம்’ வசூலிப்பார்களாம். புயல் போய் ஒரு வருஷம் ஆகிறது. இப்போதுதான் சாப்பாட்டுக்கு வருகிறது!

விசாரித்தேன். ஓய்வுபெற்றவனுக்கு வேறென்ன வேலை? வழக்கமான காற்றில் கம்பம் சாய்ந்தால் நஷ்டம் மின் நிறுவனத்துக்கு. அசாதாரணப் புயல் என்று முடிவானால் நம் எல்லோர் தலையிலும்.

2

கதைக்கு நான் எழுதிய முதல் தொடக்கம்: ‘அன்று அடித்த காற்றில் ஒரு லாரி, ஓட்டுநரோடும் ஹாரன் சத்தத்தோடும் மூன்று தெரு தாண்டிப் பறந்து—’

“ஐயா, காத்தைக் கொஞ்சம் குறைங்க.”

குறுக்கிட்டவர் என் கதாநாயகர். ஐஸ் ஃபேக்டரிக்காரர். நான் இன்னும் அவரைக் கதைக்குள் கூப்பிடவே இல்லை.

“நீங்க லாரியைப் பறக்கவிட்டா அது அசாதாரணப் புயல் ஆயிடும். நான் கரண்டைத்தான் உறைய வெச்சு விக்கிறேன். யூனிட்டுக்கு இன்னும் ஏறுச்சுன்னா இழுத்து மூட வேண்டியதுதான்.”

லாரியை இறக்கினேன். (மனசே இல்லை.)

இரண்டாவது தொடக்கம்: ‘அன்று லேசான காற்று. கொடியில் துணி—’ [முடியவில்லை. குறைத்து எழுதினால் கை வலிக்கிறது.]

3

கட்டணம் பற்றி ஆணையத்தின் பொதுவிசாரணை நாள். கூடத்துக்கு வெளியே ஐஸ்காரரை மடக்கியது அவருடைய அக்கா. மின் நிறுவனத்தின் பொறியாளர், அவர்கள் தரப்புச் சாட்சி.

“உள்ள போய் என்னடா சொல்லப் போற?”

“சாதா காத்துதான்னு.”

“உன் கூரை பறந்தப்போ இன்சூரன்ஸ்காரர்கிட்ட என்ன சொன்ன? ‘உலகம் உண்டான நாள்லேருந்து இப்படி அடிச்சதில்ல’ன்னு அழுதியே! பக்கத்துல நின்னு கர்ச்சீப் குடுத்ததே நான்தானே?”

“அது கூரைக்கு அடிச்ச காத்து, அக்கா.”

“கம்பத்துக்கு மட்டும் விசிறியால வீசினாங்களா? எங்க ஆளுங்க இடுப்பளவு தண்ணில நின்னு கம்பி இழுத்தாங்களே, அதுக்கு யாரு குடுப்பா?”

“உங்க முதலாளி குடுக்கட்டும்.”

“குடுத்துட்டு, அடுத்த புயலுக்குக் கம்பிய எதை வெச்சு வாங்குவாரு? நீ உள்ள புளுகினா நான் எந்திரிச்சிருவேன், பாத்துக்கோ.”

தம்பி கூடத்துக்குள் நழுவினார். நானும் அவர் பின்னாலேயே.

(அடிக்குறிப்பு: ‘உலகம் உண்டான நாள்’ என் கைவரிசை. அவர் போக்கில் விட்டிருந்தால் ‘பெரிய காத்து’ என்பதோடு நிறுத்தியிருப்பார்.)

4

“சொல்லுங்க,” என்றார் ஆணையத் தலைவர். “அன்னிக்குக் காத்து எப்படி இருந்துச்சு?”

ஐஸ்காரர் எழுந்து நின்றார். எதிர் வரிசையில் அக்கா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். அக்கா எழுந்து இன்சூரன்ஸ் கதையைச் சொல்லிவிடும் முடிவு ஒன்று எழுதினேன். தம்பிக்காக வாயை மூடிக்கொள்ளும் முடிவு ஒன்றும் எழுதினேன். ஒன்றில் ஃபேக்டரியை இழுத்து மூடினார்கள். மற்றொன்றில், அதன்பின் அக்காவும் தம்பியும் முகம் பார்த்துப் பேசவே இல்லை.

ஆகவே மைக்கை உங்கள் பக்கம் திருப்புகிறேன். எப்படி அடித்தது காற்று? நிதானமாகச் சொல்லுங்கள். உங்கள் வீட்டிலும் மீட்டர் ஓடுகிறது.