பின்னால் நிற்பவன்

டில்லியை ஒட்டிய அலிப்பூர் சரக்கு முனையத்தில் காலையிலிருந்தே லாரிகள் முட்டிக்கொண்டு நின்றன. இறக்குமேடை ஒன்று காலியானால்தான் அடுத்த வண்டி உள்ளே போகலாம். போவதென்றால் நேராக அல்ல. இரண்டு லாரிகளுக்கு நடுவே இருக்கும் சந்தில் பின்பக்கமாக நுழைத்து, மேடையின் ரப்பர் கட்டையில் பட்டும் படாமலும் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஓட்டுகிறவனுக்குப் பின்னால் இருப்பது பாதிதான் தெரியும். மீதிக்குக் கண், கீழே இறங்கி நின்று குரல் கொடுப்பவன்.

வடிவேலுக்கு அந்தக் கண்ணாக இருந்தவன் ஜெயபால். சங்ககிரியில் ஏறி டில்லியில் இறங்கும்வரை ஒரே வண்டியை இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஓட்டினார்கள். வழியில் அதிகம் பேசிக்கொண்டதில்லை. நாக்பூரில் ஒரு வார்த்தை, குவாலியரில் ஒரு வார்த்தை. பேச வேண்டிய தேவையில்லாத ஆள் கிடைப்பது பெரிய விஷயம் என்று வடிவேல் நினைத்திருந்தான்.

பொங்கலுக்குப் பிறகு முதலாளி இன்னொரு லாரி வாங்கினார். "பழைய ஆளுக ஆளுக்கொரு வண்டியப் பாத்துக்கங்க, கூட ஒரு புது ஆளப் போட்டுத் தர்றேன்" என்றார். வடிவேல் யோசித்துக்கொண்டு நின்றான். ஜெயபால் யோசிக்கவில்லை. உடனே "சரிங்க" என்றான். வேலை பிரிந்ததைக்கூட வடிவேல் பொறுத்துக்கொண்டான். அந்த "சரிங்க"வைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரமாவது எடுத்துக்கொண்டு சொல்லியிருக்கலாம்.

இப்போது இரண்டு லாரிகளும் திருப்பூர் பனியன் பெட்டிகளோடு முன்னும் பின்னுமாக வரும். வடிவேலின் வண்டியில் நல்லசிவம் என்ற புது ஆள். ஓட்டாத நேரமெல்லாம் தூங்குவான். ஜெயபாலின் வண்டியில் செந்தில்குமார். டில்லியிலேயே பிறந்தவன். விழுப்புரத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பம், நரேலாவில் வீடு. தமிழ் பேசுவான், எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்க வராது. நல்லவன்தான். அதுதான் வடிவேலுக்கு இன்னும் உறுத்தியது.

மதியம் ஜெயபால் வண்டியின் பக்கப் பெட்டியைத் திறந்து, அடுப்பு வைத்து ரசம் கொதிக்கவிட்டான். செந்தில்குமார் ஏதோ சொல்ல, ஜெயபால் பதிலுக்குப் பதில் சொல்லி, கரண்டியைப் பிடித்தபடியே குலுங்கிச் சிரித்தான். இவனிடம் இவ்வளவு பேச்சு இருந்ததா என்று வடிவேல் பார்த்தான். அத்தனை வருஷம் அந்த மௌனத்தைத் தன்னிடம் மட்டும் காட்டிய நெருக்கம் என்று நம்பியிருந்தான். ஒருவேளை தன்னோடு பேசப் பிடிக்காமல் இருந்திருக்கலாம்.

"வடிவேலு, வா, சாப்புடு" என்று ஜெயபால் கூப்பிட்டான்.

முன்பெல்லாம் கூப்பிட மாட்டான். தட்டை வைப்பான், அவ்வளவுதான். வடிவேல் விருந்தாளியைப் போல உட்கார்ந்து சாப்பிட்டான்.

"நேத்து அம்மா வச்ச கோழிக் குழம்ப அண்ணன் ரெண்டு தடவ வாங்கிச் சாப்டாரு" என்றான் செந்தில்குமார். "அம்மா சொல்லுது, இவரு நம்ம வீட்டு ஆளு மாதிரியே இருக்காருன்னு."

"அப்படியா" என்றான் வடிவேல். ரசம் புளித்தது.

ஜெயபால் தட்டு கழுவப் போனதும் செந்தில்குமார் அருகில் வந்தான். "அண்ணே, இன்னிக்குத்தான் நான் மொத தடவ டாக் மேடைல ரிவர்ஸ் எடுக்கறேன். இதுவரைக்கும் அண்ணனே எடுத்தாரு. பின்னால நின்னு அவரு என்ன சொல்வாரு? காஸ் வார்த்தை, அவருக்குன்னு தனியா ஏதாச்சும் இருக்கா?"

இருந்தது. லாரிக்கு வருமுன் ஜெயபால் திருச்செங்கோட்டுத் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். "ரைட்" என்றால் அவனுக்கு ஒரே அர்த்தம்தான்: வண்டியை எடு, வா. வலது பக்கம் திருப்பவேண்டும் என்றால் "சோத்தாங்கை" என்பான். இடது என்றால் "பீச்சாங்கை." முதல் தடவை அதைக் கேட்டு வடிவேல் ஸ்டியரிங்கில் தலை சாய்த்துச் சிரித்தான். பிறகு பழகிவிட்டது. வேறு யாருக்கும் புரியாத பாஷை அது. அவர்கள் இரண்டு பேருடையது.

"என்ன சொல்வான்" என்றான் வடிவேல். "தமிழ்தான் பேசுவான். கேட்டுக்க."

"அச்சா" என்று அவன் நம்பிப் போனான்.

மேடை காலியானது. இரண்டு பக்கமும் அரியானா லாரிகள். செந்தில்குமார் பின்னால் எடுத்தான். ஜெயபால் வலது பக்கம், கண்ணாடியில் தெரியும்படி நின்றுகொண்டான். வடிவேல் தன் வண்டியிலிருந்து இறங்கி, பார்க்கக்கூடாது என்று நினைத்தபடியே பார்த்தான்.

வண்டி நேராகத்தான் வந்தது. அப்படியே விட்டால் போதும்.

"ரைட்" என்றான் ஜெயபால். "ரைட்... ரைட்..."

முன்சக்கரங்கள் வலது பக்கம் திரும்பின. அடுத்து என்ன நடக்கும் என்று அந்த இடத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். வாயைத் திறந்தால் போதும். வடிவேல் திறக்கவில்லை. அந்தக் குரல், தனக்கென்று நினைத்திருந்த அதே ஏற்ற இறக்கத்தோடு இன்னொருவனை அழைப்பதைக் கேட்டுக்கொண்டு நின்றான்.

"எங்கடா வர்றே, ரைட்டுங்கறேன், ரைட்டு" என்று ஜெயபால் கத்தினான். செந்தில்குமார் இன்னும் ஒடித்தான். ஜெயபால் பின்வாங்கி மேடைமேல் தாவினான். அவன் நின்ற இடத்தில் லாரியின் மூலை வந்து, அரியானா லாரியின் பக்கவாட்டில் நெரிந்தது. தகரம் கிழியும் சத்தம்.

அந்த லாரிக்காரன் இறங்கி வந்து, "அந்தா ஹை க்யா?" என்று, கண் தெரியாதா என்பதில் ஆரம்பித்து ஜெயபாலின் வம்சத்தையே இழுத்தான். செந்தில்குமார் வெளிறிப்போய் நின்றான். "ரைட் ரைட்னு சொன்னீங்களே, அண்ணா. நான் ரைட்லதானே ஒடிச்சேன். வடிவேல் அண்ணன்கிட்டயும் கேட்டேனே, தமிழ்தான் பேசுவான்னாரு."

ஜெயபாலுக்குப் புரிந்தது. அவன் செந்தில்குமாரைத் திட்டவில்லை. மெதுவாக மேடையிலிருந்து இறங்கி வடிவேலிடம் வந்தான்.

"நீ இங்கதான நின்னே?"

"நின்னேன்."

"அவன் உன்ட்ட கேட்டானாமா."

வடிவேல் கிழிந்த தகரத்தைப் பார்த்தான்.

"சொல்றதுக்கென்ன? ஒரு வார்த்த."

"அது நமக்குள்ள இருக்கறது."

ஜெயபால் தோளிலிருந்த துண்டை எடுத்தான். "நமக்குள்ளயா. வண்டிக்குப் பின்னால நின்னு கத்தறது, வடிவேலு. எவன் ஓட்டுனாலும் அதேதான் கத்துவேன்." துண்டால் முகத்தைத் துடைத்தான். "சித்த முந்தி நான் அந்தச் சந்துலதான் நின்னேன்."

அதற்குமேல் அவன் பேசவில்லை. வடிவேலுக்குத் தெரிந்த பழைய மௌனம் அல்ல இது. அதற்குள்ளே தனக்கு இடமில்லை என்பது நின்ற இடத்திலேயே தெரிந்தது.

சமாதானம் பேசி முடிந்ததும், தன் வண்டியை ஜெயபாலே நிமிர்த்தி உள்ளே விட்டான். பக்கத்து மேடை காலியாகி வடிவேலின் முறை வந்தது. நல்லசிவம் எழுந்து, கீழே இறங்கிப் பின்னால் நிற்கக் கதவைத் திறந்தான்.

"நீ இரு. நானே எடுத்துக்கறேன்."

எடுத்தான். கைக்குத் தெரியாத வேலையில்லை. கண்ணாடியில் ஜெயபால் தெரிந்தான். தன் வண்டியின் பெட்டிக் கதவுகளைத் திறந்துகொண்டிருந்தான். திரும்பினால் போதும், பழக்கத்தில் வாய் திறந்துவிடும். வடிவேல் மெல்ல, மெல்ல வந்தான். மேடைக்கு ஒரு முழம் இருக்கையில் பிரேக்கில் கால் வைத்து நிறுத்தினான். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் ஒருவன் குரல் கொடுக்காமல் கடைசி முழத்தை யாரும் எடுப்பதில்லை. அவன் காத்திருந்தான்.

மேடைக்காரன் "ஜல்தி கரோ, மதராசி" என்று வண்டியைக் கையால் தட்டி அவசரப்படுத்தினான். ஜெயபால் திரும்பவில்லை. பெட்டிகளை எண்ணி இறக்க ஆரம்பித்திருந்தான்.

கண்ணாடியில் வேறோர் உருவம் வந்து நின்றது. செந்தில்குமார். முகத்தில் இன்னும் பயம் போகவில்லை. இரண்டு கைகளையும் உயர்த்தி, இவனுக்கு எந்தச் சொல் புரியும் என்று தெரியாதவனைப் போல ஒரு கணம் தயங்கினான்.

"வாங்கண்ணே" என்றான். "நேரா வாங்க. நான் பாத்துக்கறேன்."

வடிவேல் இன்னொரு தடவை ஜெயபாலின் முதுகைப் பார்த்தான். பிறகு பிரேக்கிலிருந்து காலை எடுத்தான்.